மூன்று நாள், இரண்டு பேர், 42 ஆயிரம் ரூபாய்

நாளொன்றுக்கு 40 மாதிரிகள் வரும் ஒரு நடுத்தரப் பரிசோதனை ஆய்வகத்தைச் சென்னையில் வைத்துப் பார்ப்போம். குடிநீர், கழிவுநீர், உணவு என்று வேலை. ஒரு மாதிரிக்குச் சராசரியாக 20 சோதனைகள் என்றால் நாளுக்கு 800 முடிவுகள். ஒவ்வொரு முடிவும் கருவியின் திரையிலிருந்து பெஞ்ச் நோட்டுக்கும், நோட்டிலிருந்து எக்செல் தாளுக்கும், அங்கிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் ரிப்போர்ட்டுக்கும் கையால் நகர்கிறது. ஆக நாளுக்கு 2,400 முறை எண்களைப் பார்த்து எழுதும் வேலை நடக்கிறது. ஒன்றுக்கு 8 விநாடி வைத்தால் 19,200 விநாடி, அதாவது 5 மணி 20 நிமிடம். வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 1,600 மணி நேரம்.

இந்த இடத்தில்தான் லிம்ஸ் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் தகவல் மேலாண்மை மென்பொருளின் பேச்சு எழும். மாதிரி உள்ளே வந்த நிமிடத்திலிருந்து ரிப்போர்ட் வெளியே போகும் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவு செய்யும் மென்பொருள் அது. வாங்குவதற்கு முன் ஒரு கண்காட்சிக்கோ கருத்தரங்குக்கோ ஆள் அனுப்பலாமா, அனுப்பினால் என்ன செலவு, என்ன வரவு என்பதைத்தான் இங்கே கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன்.

சம்பளம், அறை வாடகை, ரயில் கட்டணம், லைசென்ஸ் தொகை, மாதிரிகளின் எண்ணிக்கை ஆகியவை கணக்கு ஓடுவதற்காக நான் வைத்துக்கொண்ட உத்தேச எண்கள். வரி, அரசாணை, தரநிலை, விசா, பிற நாட்டு ஊதியம் பற்றி வருபவை உள்ளபடியே உள்ளவை. உத்தேச எண்களை எடுத்துவிட்டு உங்கள் ஆய்வகத்து எண்களைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கின் வழி மாறாது.

ஐதராபாத் கணக்கு

இந்தியாவில் ஆய்வகத் துறைக்கென்று நடக்கும் பெரிய கண்காட்சிகளில் ஒன்று அனலிட்டிகா லேப் இந்தியா. ஐதராபாத்தின் ஹைடெக்ஸ் அரங்கில் பல முறை நடந்திருக்கிறது. சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சார்மினார் எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை அங்கே இறங்கலாம், கடைசி நாள் மாலை அதே வண்டியில் திரும்பலாம். மூன்று நாள் நிகழ்ச்சிக்கு இரண்டு இரவு அறை போதும். இரண்டு பேருக்கான செலவு இப்படி வரும்:

ரயில், மூன்றாம் வகுப்பு ஏசி, ஒரு வழிக்கு ரூ. 1,200 வீதம் நான்கு டிக்கெட்: ரூ. 4,800
இருவர் தங்கும் அறை, இரவுக்கு ரூ. 3,500 வீதம் இரண்டு இரவு, 5 சதவீத ஜிஎஸ்டியுடன்: ரூ. 7,350
கருத்தரங்கக் கட்டணம் ஆளுக்கு ரூ. 5,000, 18 சதவீத ஜிஎஸ்டியுடன்: ரூ. 11,800
சாப்பாடு, ஆளுக்கு நாளுக்கு ரூ. 900: ரூ. 5,400
ஆட்டோ, மெட்ரோ, மூன்று நாளுக்கு: ரூ. 3,000
கையிலிருந்து போவது: ரூ. 32,350

இதோடு முடிந்துவிட்டது என்று எழுதிவைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த மூன்று நாளும் இரண்டு பேர் பெஞ்சில் இல்லை. மாதம் 30,000 வாங்கும் உதவியாளருக்கு 26 நாள் கணக்கில் ஒரு நாள் கூலி ரூ. 1,154. மாதம் 52,000 வாங்கும் மூத்த பகுப்பாய்வாளருக்கு ரூ. 2,000. மூன்று நாளுக்கு இருவருக்கும் சேர்த்து ரூ. 9,462. மொத்தம் ரூ. 41,812.

அறை வாடகைக்கான வரியைப் பற்றி ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 7,500 வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த 5 சதவீத விகிதத்தில் ஓட்டல்காரருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அடிப்படை வாடகையையே அவர் சற்று ஏற்றியிருக்கக்கூடும் என்பதால், பழைய பில்லையும் புதிய பில்லையும் ஒப்பிடுபவர் வரித் தொகையை மட்டும் பார்க்காமல் மொத்தத்தைப் பார்ப்பது நல்லது.

மியூனிக் கணக்கு

அனலிட்டிகா லேப் இந்தியாவின் தாய் நிகழ்ச்சி ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1968 முதல் நடக்கிறது. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2024-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரித்தன, 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்து ஒருவருக்கு மட்டும் கணக்குப் போடுவோம். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ: ரூ. 9,000. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தால்தான் விசா தருவார்கள், அதற்கு ரூ. 2,000. விமானம் ரூ. 70,000. இரவுக்கு 150 யூரோ வீதம் நான்கு இரவு ரூ. 60,000. சாப்பாட்டுக்கு ஜெர்மன் வரித்துறை தன் நாட்டுப் பயணிகளுக்கு ஒரு முழு நாளைக்கு ஏற்றுக்கொள்ளும் தொகை 28 யூரோ, அதையே எடுத்துக்கொண்டால் ஐந்து நாளுக்கு ரூ. 14,000. நுழைவும் உள்ளூர்ப் போக்குவரத்தும் ரூ. 10,000. கூட்டினால் ரூ. 1,65,000.

ஐதராபாத்துக்கு ஆளுக்கு ரூ. 20,906. மியூனிக்குக்கு அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு, அதுவும் சம்பளத்தைச் சேர்க்காமல். எட்டு மடங்கு செலவில் எட்டு மடங்கு கடைகள் இருக்கலாம். ஆனால் ஆயிரம் கடைக்கு 5 நிமிடம் வீதம் நின்றால் 83 மணி நேரம் வேண்டும். நான்கு நாள் நிகழ்ச்சியில் அரங்கம் திறந்திருக்கும் நேரம் அதில் பாதிகூட இல்லை. முதல் லிம்ஸ் வாங்கப் போகும் ஆய்வகத்துக்கு மியூனிக் தேவையில்லை என்பது என் முடிவு. தென்னிந்தியாவில் ஆள் அனுப்பிப் பழுதுபார்க்க முடியாத விற்பனையாளரை அங்கே கண்டுபிடித்து என்ன செய்வது? புதிய கருவி வகைகளைத் தேடும் ஆராய்ச்சி நிலையங்களுக்கு அந்தக் கணக்கு வேறு.

யாரை அனுப்புவது

பெரும்பாலும் போகிறவர் மேலாளர். அவரோடு கணக்குப் பிரிவிலிருந்தோ கொள்முதலிலிருந்தோ ஒருவர். மேலே நான் போட்ட கணக்கில் வேண்டுமென்றே வேறு இருவரை வைத்திருக்கிறேன். ஒருவர் காலையில் மாதிரிகளை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றும் உதவியாளர், மற்றவர் முடிவுகளைக் கையெழுத்திட்டு வெளியிடும் மூத்த பகுப்பாய்வாளர். மென்பொருள் வந்தபின் அதன் முன் உட்காரப் போகிறவர்கள் இவர்கள்தான். ஒரு மாதிரி பாதியில் ரத்தானால் என்ன நடக்கிறது, வாடிக்கையாளர் ரிப்போர்ட் போன பிறகு பெயரை மாற்றச் சொன்னால் என்ன செய்கிறார்கள், மாலை 4 மணிக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் கணினி கேட்கிறார்கள் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். விலைப்பட்டியலைப் படிக்க மேலாளரால் முடியும். ஆனால் அந்தப் பட்டியலில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கப் பெஞ்சில் இருப்பவரால்தான் முடியும்.

அரசு ஆய்வகங்களில் இதற்கு விதியே தடையாக நிற்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 2017 ஜூலை ஆணையின்படி ஊதிய நிலை 14-க்கும் அதற்கு மேலும் உள்ளவர் ஓர் இரவு அறைக்கு ரூ. 7,500 வரை கோரலாம். 12, 13-க்கு ரூ. 4,500. 9 முதல் 11 வரை ரூ. 2,250. 6 முதல் 8 வரை ரூ. 750. 5-க்கும் அதற்குக் கீழும் ரூ. 450. சாப்பாட்டுக்கு மேல்நிலையில் நாளுக்கு ரூ. 1,200, கடைநிலையில் ரூ. 500. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொடும்போது இவை 25 சதவீதம் உயர வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே உண்டு. உயர்ந்தாலும் 750 என்பது 937 ரூபாய் 50 காசு ஆகிறது. கருத்தரங்கு நடக்கும் பெருநகரில் அந்தப் பணத்துக்கு அரங்கத்தின் பக்கத்தில் அறை கிடைக்காது. ஆகவே கருவியைத் தொடுபவர் வீட்டில் இருக்கிறார், கோப்பைத் தொடுபவர் கருத்தரங்குக்குப் போகிறார். பல லட்சம் செலவழித்து வாங்கிய மென்பொருளின் மேல் ஊழியர்கள் மறுபடியும் எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொள்வதற்கு நான் அறிந்த முதல் காரணம் இந்த வித்தியாசம்தான். குறைந்தபட்சம் பயிற்சிக்கும் கருத்தரங்குக்கும் போகும்போதாவது நிகழ்ச்சி நடக்கும் நகரத்தை வைத்து வாடகை வரம்பை நிர்ணயிக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தின் விலை

அரங்கம் நாளுக்கு 7 மணி நேரம் திறந்திருந்தால் மூன்று நாளில் 21 மணி. இரண்டு பேருக்கு 42 மணி. ரூ. 41,812-ஐ 42-ஆல் வகுத்தால் ஓர் ஆள் ஒரு மணி நேரம் அங்கே இருப்பதன் விலை ஏறத்தாழ ரூ. 996. ஆயிரம் ரூபாய் என்றே நினைவில் வைத்துக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து 45 நிமிட டெமோவில் உட்கார்ந்தால் ரூ. 1,500 போய்விட்டது.

அதே டெமோவை விற்பனையாளர் இணையவழியில் இலவசமாகவே காட்டுவார். சென்னையில் உட்கார்ந்தபடி பார்க்கக்கூடியதை ஐதராபாத்தில் மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பார்க்கத் தேவையில்லை. போவதற்கு முன்பே ஐந்தாறு நிறுவனங்களின் டெமோவை இணையத்தில் பார்த்துவிட்டு, மூன்றாக வடிகட்டிக்கொண்டு போவது சிக்கனம். அரங்கில் செலவழிக்க வேண்டிய நேரம் இணையத்தில் கிடைக்காத இரண்டுக்கு. ஒன்று, தராசையோ பிஹெச் மீட்டரையோ கேபிளில் மாட்டி எண் நேராகத் திரைக்கு வருவதைக் கண்ணால் பார்ப்பது. இரண்டு, அந்த மென்பொருளை ஏற்கெனவே வாங்கித் திண்டாடியோ திருப்தியோடோ இருக்கும் வேறு ஆய்வகத்துக்காரரோடு பேசுவது.

டெமோவில் உட்கார்ந்தால் விற்பனையாளரின் மாதிரித் தரவைப் பார்க்க மறுத்துவிடுங்கள். உங்கள் ஆய்வகத்தில் கடந்த மாதம் வந்த சிக்கலான இருபது மாதிரிகளைத் தாளில் எடுத்துப்போய் அவற்றைப் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். பத்து மடங்கு நீர்க்கவைத்த மாதிரி, கண்டறியும் எல்லைக்குக் கீழே போன முடிவு, மறுசோதனை, உடைந்துபோன பாட்டில். அப்போது எத்தனை கிளிக் ஆகிறது என்று உதவியாளர் எண்ணிக்கொண்டிருக்கட்டும். ஒரு மென்பொருளில் ஒரு மாதிரியைப் பதிவு செய்ய 9 கிளிக், இன்னொன்றில் 23 என்றால் வித்தியாசம் 14. நாளுக்கு 40 மாதிரி, 300 நாள்: 1,68,000 கிளிக். கிளிக்குக்கு 2 விநாடி வைத்தால் 93 மணி நேரம், கிட்டத்தட்ட 12 வேலைநாள். ஒவ்வொரு வருடமும்.

மேடையில் காட்டும் கணக்கு

கருத்தரங்க மேடைகளில் அடிக்கடி காட்டப்படும் ஒரு படம் உண்டு: மென்பொருள் போட்டால் இத்தனை மணி நேரம் மிச்சம், ஆகவே இத்தனை மாதத்தில் போட்ட முதல் திரும்பும். அந்தப் படத்தை நம் எண்களால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் சொன்ன 1,600 மணி நேரமும் முழுமையாக மிச்சமாகிறது என்றே வைப்போம். எட்டு மணி நேரக் கணக்கில் 200 நாள். நாளுக்கு ரூ. 1,154 வீதம் வருடத்துக்கு ரூ. 2,30,800. ஐந்து வருடத்துக்கு ரூ. 11,54,000. இதே 1,600 மணி நேரத்தை ஜெர்மனியில், பகுப்பாய்வாளர் சம்பளத்தில்கூட அல்ல, 2026 ஜனவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 13.90 யூரோவில் பெருக்கினால் 22,240 யூரோ. ஒரு வருடத்துக்கு 22 லட்சத்துக்கும் மேல். நம் மிச்சத்தைவிட 9 மடங்குக்கும் அதிகம்.

இனி செலவுப் பக்கம். லைசென்ஸ் ரூ. 10 லட்சம். நிறுவி அமைத்துத் தர அதே அளவு இன்னொரு 10 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் லைசென்ஸ் தொகையில் வருடத்துக்கு 20 சதவீதம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். முதல் வருடம் நீங்கலாக நான்கு வருடத்துக்கு ரூ. 8 லட்சம். சர்வர் அல்லது கிளவுட் வாடகை வருடம் ஒரு லட்சம், ஐந்து வருடத்துக்கு ரூ. 5 லட்சம். கருவிகளை இணைக்க ரூ. 1,20,000. சொந்த ஊழியர்களின் நேரம் ரூ. 1,12,500. கடைசி இரண்டும் எப்படி வந்தன என்று பின்னால் சொல்கிறேன். மொத்தம் ரூ. 35,32,500. ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. பரிசோதனைச் சேவைக்கு வரி வசூலிக்கும் ஆய்வகம் அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

தட்டச்சு மிச்சம் 11.54 லட்சம், செலவு 35.32 லட்சம். எங்கள் ஊர்ச் சம்பளத்தில் தட்டச்சு மிச்சத்தை மட்டும் காட்டி இந்த மென்பொருளை நியாயப்படுத்த முடியாது. முனிசிபல் நீர் ஆய்வகமோ மாவட்ட அளவிலான தனியார் ஆய்வகமோ இதைத் தெரிந்துகொண்டு போனால் மேடைப் பேச்சில் மயங்காது. தெரியாமல் போனால், இரண்டாம் வருடம் முடிவில் மிச்சம் எங்கே என்று முதலாளி கேட்கும்போது பதில் இருக்காது.

எழுத்துப் பிழையின் எடை

அப்படியென்றால் ஏன் வாங்க வேண்டும்? பிழைக்காக. 2019-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளிநோயாளிகளுக்குக் கையடக்கக் கருவியில் பார்த்துக் கையால் பதிவு செய்யப்பட்ட 6,930 சர்க்கரை அளவுகளைக் கருவியே பதிவு செய்த அளவுகளோடு ஒப்பிட்டார்கள். 260 ஒத்துப்போகவில்லை, நூற்றுக்கு 3.7. அந்த 260-இல் ஏழில் ஒன்று உண்மை அளவிலிருந்து 20 சதவீதத்துக்கும் மேல் விலகியிருந்தது.

அது மறுபார்வை இல்லாத இடம். நம் ஆய்வகத்தில் இரண்டாவது ஆள் சரிபார்க்கிறார், ஆகவே அந்த விகிதத்தை அப்படியே எடுக்கக்கூடாது. ஆயிரத்துக்கு ஒன்று தப்பிப் போகிறது என்று வைத்தாலும் வருடத்துக்கு 2,40,000 முடிவுகளில் 240 தவறான எண்கள் கையெழுத்தோடு வெளியே போகின்றன.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி ஃபுளூரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 1.5 வரை. 1.2 என்பதை 2.1 என்று மாற்றித் தட்டினால் குடிக்கலாம் என்ற கிணறு கூடாது என்றாகும். எதிர்த்திசையில் தட்டினால் கூடாத கிணற்றை ஊரே குடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளூரைடு சிக்கலுக்காக ஜப்பானியக் கடனுதவியோடு ரூ. 1,928.80 கோடி மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த மாவட்டங்களில் இந்த எண்ணின் தசமப் புள்ளிக்குப் பின்னால் பல்லும் எலும்பும் இருக்கின்றன.

இதிலிருந்தே டெமோவில் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது. கருவி 1.05 காட்டுகிறது. ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் என்ன வரும்? முழுமையாக்குவதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2, சரியாக ஐந்தில் முடிந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகச் சொல்கிறது. 1.0 வரும், நீர் ஏற்கத்தக்கது. எக்செலின் வழக்கமான கட்டளை மேலே ஏற்றி 1.1 ஆக்கும், எல்லையைத் தாண்டியது. ஒரே கிணறு, ஒரே அளவீடு, இரண்டு தீர்ப்பு. விற்பனையாளரின் மென்பொருள் எந்த விதியில் ஓடுகிறது, அதைச் சோதனைவாரியாக மாற்ற முடியுமா, மாற்றினால் யார் மாற்றினார் என்று பதிவாகுமா என்று கேளுங்கள். பதில் உடனே வரவில்லையென்றால் அந்தக் கடையில் மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தை வேறெங்காவது செலவிடலாம்.

விலைப்பட்டியலில் இல்லாதவை

பரிசோதனை ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 17025-இன் 2017 பதிப்பு, 7.11 பிரிவில், தகவல் மேலாண்மை அமைப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன் ஆய்வகமே சரிபார்த்து ஆவணப்படுத்த வேண்டும் என்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு இது ஆடிட்டில் கண்டிப்பாக வரும் கேள்வி. மருந்து ஆய்வகங்களுக்கு இன்னும் கடுமை. அமெரிக்காவின் மின்னணுப் பதிவு விதி 1997 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யார், எப்போது, எந்த எண்ணை மாற்றினார் என்ற ஆடிட் டிரெயிலை அது கட்டாயமாக்கியது. 2023 டிசம்பர் இறுதியில் திருத்தப்பட்ட, நம் மருந்து விதிகளின் அட்டவணை எம்-மும் கணினி அமைப்புகளைப் பற்றிப் பேசுகிறது.

சரிபார்ப்பு என்றால் வேலை, வேலை என்றால் நாள். 150 சோதனைகள் செய்யும் ஆய்வகம் என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் பெயர், அலகு, முறை, எல்லை, சூத்திரம், முழுமையாக்கும் விதி ஆகியவற்றை ஏற்றி, பழைய முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க 3 மணி நேரம். 450 மணி, 56.25 நாள். மூத்த பகுப்பாய்வாளரின் கூலியில் ரூ. 1,12,500. இந்த வரி எந்த விற்பனையாளரின் விலைப்பட்டியலிலும் இருக்காது, ஏனென்றால் செலவு அவருடையதல்ல.

கருவி இணைப்பும் அப்படித்தான். 14 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் ரூ. 40,000 என்று விலை சொன்னால் ரூ. 5,60,000. எல்லாவற்றையும் இணைக்க ஆசை வரும். பெஞ்சில் இருப்பவரைக் கேட்டால் வேறு எண் கிடைக்கும். 800 முடிவுகளில் 480 மூன்று கருவிகளிலிருந்து வருகின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றை மட்டும் இணைக்க ரூ. 1,20,000, தினசரி முடிவு ஒன்றுக்கு ரூ. 250. மற்ற 11 கருவிகளின் 320 முடிவுகளுக்கு ரூ. 4,40,000, ஒன்றுக்கு ரூ. 1,375. முதல் வருடம் மூன்று போதும்.

லைசென்ஸில் ஆளுக்கொன்று, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று இரண்டு வகை. இரண்டாவது வகையின் விலை முதலாவதைப்போல் இரு மடங்கு என்றால், 12 பேர் உள்ள ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் 6 பேர் உள்ளே இருப்பதுதான் சமப்புள்ளி. ஐந்து என்றால் இரண்டாவது லாபம், ஏழு என்றால் நஷ்டம். அந்த மாலை 4 மணி நெரிசலை எண்ணி வைத்திருப்பவர் உதவியாளர்.

லைசென்ஸ் கட்டணமே இல்லாத மென்பொருள்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பிகா, அதிலிருந்து கிளைத்த செனைட் இரண்டும் திறமூலம். 35 லட்சத்தில் 10 லட்சமும், பராமரிப்பு 8 லட்சத்தின் பெரும்பகுதியும் கழியும். ஆனால் பைத்தான் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் 50,000 என்றால் ஐந்து வருடத்துக்கு ரூ. 30 லட்சம். ஒரே ஆய்வகத்துக்கு இது கட்டாது. ஒரு பல்கலைக்கழகமோ வாரியமோ பத்து ஆய்வகங்களுக்குச் சேர்த்து ஒருவரை வைத்தால் ஓர் ஆய்வகத்துக்கு ரூ. 3 லட்சம்தான். பொதுத்துறை ஆய்வகங்கள் இந்த வழியைத் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மொத்தச் செலவு ரூ. 35,32,500-இல் பயணத்துக்கான ரூ. 41,812 என்பது 1.2 சதவீதம்கூட இல்லை. கருவி இணைப்பில் மட்டும் மேலே பார்த்த முடிவு ரூ. 4,40,000-ஐத் தள்ளிப்போட வைக்கிறது. பயணச் செலவைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்பது

பிற ஆய்வகத்துக்காரர்களோடு பேசுவதற்குத் திட்டமிட்டு நேரம் ஒதுக்க வேண்டும். பத்துப் பேரோடு 15 நிமிடம் வீதம் இரண்டரை மணி நேரம், ஓர் ஆளுக்கு ரூ. 2,500. மொத்தப் பயணத்தில் மிக மலிவாகக் கிடைப்பது இதுதான். கேட்க வேண்டியவை எண்களாக இருக்கட்டும். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து முதல் ரிப்போர்ட் வெளியே போக எத்தனை மாதம் ஆனது? தொடங்கிய நாளில் எத்தனை சோதனைகள் ஏற்றப்பட்டிருந்தன? இன்று எத்தனை சோதனைகள் இன்னும் எக்செலில் நடக்கின்றன? போன் செய்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் எடுக்கிறார்? கூடுதல் ரிப்போர்ட் வடிவம் ஒன்றுக்கு எவ்வளவு வாங்குகிறார்? பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பரவாயில்லை என்பார்கள். எண்ணைக் கேட்டால்தான் நிஜம் வரும்.

விற்பனையாளரே தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் பயனர் மாநாடுகள் வாங்கிய பிறகு போக வேண்டியவை. புதிய பதிப்பில் என்ன வருகிறது, பழையது எந்த வருடம் கைவிடப்படும் என்பது அங்கே தெரியும்.

விற்பனையாளரிடம் கடைசியாக, எழுத்தில் வாங்க வேண்டிய பதில் ஒன்று உண்டு. ஐந்து வருடம் கழித்து நாங்கள் விலகினால் எங்கள் தரவு எந்த வடிவில் கைக்கு வரும்? ஐந்து வருடத்தில் 12 லட்சம் முடிவுகள் சேர்ந்திருக்கும். அட்டவணைக் கோப்பாகக் கொடுத்தால் அடுத்த மென்பொருளில் ஏற்றிவிடலாம். பிடிஎஃப் ரிப்போர்ட்டுகளாக மட்டும் கொடுத்தால், 8 விநாடி வீதம் மறுபடி தட்ட 2,667 மணி நேரம். ஓர் உதவியாளருக்கு 333 வேலைநாள், கூலி ரூ. 3,84,000-க்கும் மேல், புதிய எழுத்துப் பிழைகள் தனி. தரவை முழுமையாக, ஆடிட் டிரெயிலோடு, கூடுதல் கட்டணமின்றி அட்டவணைக் கோப்பாகத் தருவோம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க ஒப்புக்கொள்ளும் நிறுவனம் எது என்பதை மூன்றாம் நாள் மாலை வண்டி ஏறும் முன் குறித்துக்கொண்டு வர வேண்டும்.